இருபது ஆண்டு அவகாசம்

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. நோயாளியைத் தொடலாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஒரே அறையில் படுக்கலாம். மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான், புற்றுநோய் வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஓரளவு குறைந்திருக்கிறது. இப்போது அதே மருத்துவர்கள் பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைக்குப் புற்றுநோய்த் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். தடுப்பூசி என்பது அம்மை, போலியோ போலத் தொற்றும் நோய்க்குத்தானே? தொற்றாத நோய்க்கு எதற்கு ஊசி? பெற்றோர்கள் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான பதிலைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

புற்றுநோய் தொற்றாது என்பது உண்மை. அதற்கு முந்தைய படி ஒன்று தொற்றும் என்பதும் உண்மை. அந்த முந்தைய படியின் பெயர் மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இது தொற்றிய பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மிகச் சிலருக்கு மட்டும் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வருகிறது. கர்ப்பப்பையின் வாயில் வரும் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் இதன் விளைவு. 2022-இல் உலகில் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது, சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 1,20,000-க்கு மேற்பட்ட பெண்களுக்கு வருகிறது, 75,000-க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். வைரஸ் நுழைவதற்கும் புற்று முளைப்பதற்கும் நடுவே இத்தனை ஆண்டு இடைவெளி இருந்தும் இவ்வளவு பேரை இழக்கிறோம். அதனால்தான் இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்று விளங்கிக்கொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன்.

எச்.பி.வி. நமக்குப் புதிய ஆளில்லை. பிள்ளைகளின் விரலிலும் உள்ளங்காலிலும் சொரசொரப்பாகப் புடைத்து வருகிறதே மரு, அது இந்தக் குடும்பத்து வைரஸ்களின் வேலைதான். சுண்ணாம்பு தடவுவார்கள், முடியைக் கட்டிப் பார்ப்பார்கள். எதுவும் செய்யாவிட்டாலும் பல மருக்கள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ தானாக மறைந்துவிடும். 1907-இல் இத்தாலிய மருத்துவர் ஜூசெப்பே சியூஃபோ, மருவை அரைத்து, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் தெளிந்த நீரைத் தன் தோலிலேயே செலுத்திக்கொண்டார். அங்கே மரு முளைத்தது. பாக்டீரியாவைவிட நுண்ணிய ஏதோ ஒன்று மருவை உண்டாக்குகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இந்தக் குடும்பத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகளை இன்று எண் போட்டு அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் பிடித்த இடம் வேறு. சில கைத்தோலில் மட்டுமே வளரும், சில பாதத்தில். சுமார் 40 வகைகள் பிறப்புறுப்பைச் சுற்றிய மென்தோலில் குடியேறுபவை. அவற்றிலும் 6, 11 ஆகிய எண்கள் கொண்டவை மருவோடு நின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு வகைகள்தான் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியவை. அவற்றில் 16, 18 ஆகிய இரண்டும் சேர்ந்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். கையில் மரு வந்த பிள்ளைக்குப் புற்றுநோய் வருமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். அது வேறு கிளை.

தொற்றையும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயையும் முடிச்சுப் போட முதல் தடயம் கிடைத்தது ஆய்வகத்தில் இல்லை, இறப்புப் பதிவேட்டில். இத்தாலியின் வெரோனா நகரில் 1760 முதல் 1839 வரை இறந்தவர்களின் பதிவுகளை டொமினிகோ ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அலசி 1842-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்றுநோய் மற்றப் பெண்களைவிட அதிகம் வந்திருந்தது. கருப்பைப் புற்றுநோயோ அவர்களிடம் அபூர்வம். மணமான பெண்களிடமும் விதவைகளிடமும் அது கூடுதலாக இருந்தது. கருப்பையின் உடல், கருப்பையின் வாய் என்று அந்தக் காலப் பதிவேடுகள் பிரித்து எழுதவில்லை. ஆகவே கணக்கில் கரடுமுரடு உண்டு. ஆனால் திருமண வாழ்வோடு சேர்ந்து வரும் ஏதோ ஒன்று இந்த நோய்க்குக் காரணம் என்ற சந்தேகம் அங்கேதான் விதையாக விழுந்தது.

அந்த ஏதோ ஒன்று எது? அடுத்த நூறு ஆண்டுகளில் பலரும் பலவற்றைச் சொன்னார்கள். 1960-களின் இறுதியில் சந்தேகம் ஹெர்ப்பீஸ் வைரஸின் இரண்டாம் வகைமேல் விழுந்தது. பிறப்புறுப்பில் கொப்புளம் உண்டாக்கும் வைரஸ் அது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த பெண்களின் ரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் கூடுதலாக இருந்தன. உலகமெங்கும் பெரிய ஆய்வகங்கள் அதன் பின்னால் ஓடின.

ஜெர்மானியரான ஹரால்ட் சூர் ஹௌசனும் அதைத்தான் தேடினார். ஆனால் அவர் தேடிய விதம் வேறு. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் பர்கிட் கட்டியில் அவர் முன்பே வேலை செய்திருந்தார். அந்தக் கட்டியின் செல்களில் முழு வைரஸ் எதுவும் கண்ணில் படாவிட்டாலும் எப்ஸ்டைன்-பார் வைரஸின் டிஎன்ஏ உள்ளே ஒளிந்திருப்பதை 1970-இல் காட்டினார். வைரஸைத் தேடாதே, அதன் டிஎன்ஏவைத் தேடு என்பது அங்கே அவர் கற்றது. அதே முறையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுத் திசுவில் ஹெர்ப்பீஸ் டிஎன்ஏவைத் தேடினார். கிடைக்கவில்லை. 1974-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த மாநாட்டில் எழுந்து, எங்கள் மாதிரிகளில் ஹெர்ப்பீஸ் இல்லை என்று அறிவித்தார். அங்கிருந்தவர்கள் அதை ரசிக்கவில்லை. ஹெர்ப்பீஸ் டிஎன்ஏ கண்டதாக ஏற்கெனவே சொன்னவர்கள் பக்கம்தான் கூட்டம் இருந்தது.

அவர் மருவின் பக்கம் திரும்பினார். பிறப்புறுப்பில் வரும் மரு அரிதாகப் புற்றாக மாறியதாக மருத்துவ ஏடுகளில் அங்கங்கே குறிப்புகள் இருந்தன. முயல்களைப் பற்றியும் ஒரு பழைய செய்தி இருந்தது. அமெரிக்கக் காட்டு முயல்களின் தோலில் கொம்பு போல வளரும் மருவுக்கு ஒரு பாப்பிலோமா வைரஸ்தான் காரணம் என்று 1933-இல் ரிச்சர்ட் ஷோப் காட்டியிருந்தார். அதை வாங்கி வீட்டு முயல்களுக்குத் தொற்றவைத்த பெய்டன் ரௌஸ், அந்த மரு சில மாதங்களில் புற்றாக மாறுவதைக் கண்டார். முயலில் நடப்பது மனிதரில் நடக்கக் கூடாதா?

முதலில் தோல்விதான். மருவிலிருந்து எடுத்த வைரஸ் டிஎன்ஏவைத் தூண்டிலாக வைத்துப் புற்றுத் திசுவில் தேடினால் எதுவும் சிக்கவில்லை. டிஎன்ஏவின் ஓர் இழை தனக்கு இணையான இழையைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், தேடலுக்கு அடிப்படையே அதுதான். மரு வைரஸ் பல வகை என்பது தெரியவந்தபோது காரணமும் புரிந்தது. கைமரு வகையைத் தூண்டிலாக்கினால் வேறு வகை ஒட்டாது. ஆகவே சூர் ஹௌசனின் குழு சோதனையின் கண்டிப்பைத் தளர்த்தியது. சூட்டையும் உப்பின் அளவையும் மாற்றி, பாதி பொருந்தும் இழைகூட ஒட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். 11-ஆம் வகையைத் தூண்டிலாக வைத்து, அந்தத் தளர்ந்த நிலையில் புற்றுத் திசுவைச் சோதித்தபோது, 11-க்கு உறவான, ஆனால் அதுவரை யாரும் பார்த்திராத ஒன்று ஒட்டியது. அதற்கு 16 என்று எண் கொடுத்தார்கள். ஆண்டு 1983. புதிதாகக் கிடைத்த 16-ஐயே தூண்டிலாக்கித் தேடினால், ஜெர்மன் நோயாளிகளின் 18 மாதிரிகளில் 11-இல் அது இருந்தது. மறு ஆண்டு 18-ஆம் வகை கிடைத்தது.

சூர் ஹௌசன் அந்த டிஎன்ஏக்களைக் கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் கொடுத்தார். உலகம் முழுக்கப் பலர் ஒரே நேரத்தில் சோதிக்க முடிந்ததற்கு அது பெரிய காரணம். 1999-இல் பல நாட்டு மாதிரிகளை மறுபடி கவனமாகச் சோதித்த ஆய்வு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் 99.7 விழுக்காட்டில் எச்.பி.வி. இருப்பதாகச் சொன்னது. நுரையீரல் புற்றுக்குப் புகையிலைகூட இவ்வளவு நெருக்கமான காரணம் கிடையாது, புகைக்காதவருக்கும் அது வருகிறது. 2008-இல் சூர் ஹௌசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இருந்தாலும் ஒரு சந்தேகம் நியாயமாகவே எழும். கூடவே இருப்பதெல்லாம் காரணம் ஆகிவிடுமா? புற்று வந்த இடத்தில் வைரஸ் பிறகு வந்து ஒண்டியிருக்கலாமே? இதற்குப் பதில் சொல்ல, வைரஸ் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கர்ப்பப்பை வாயின் வெளிப்பரப்பு பல அடுக்குச் செல்களால் ஆனது. அடியடுக்கில் இருப்பவை மட்டுமே பிரிந்து பெருகும். அப்படிப் பிறந்த செல் மேலே நகர நகரப் பிரிவதை நிறுத்திவிடும், தட்டையாகும், கடைசியில் உதிர்ந்துவிடும். எச்.பி.வி. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக அடியடுக்குச் செல்லில் நுழைகிறது. அங்கே சத்தமில்லாமல் சில பிரதிகளாக இருக்கும். அந்தச் செல் மேலேறும்போது தானும் ஏறி, மேலடுக்கில்தான் ஆயிரக்கணக்கில் பெருகி, உதிரும் செல்லோடு வெளியேறும். இது ரத்தத்தில் கலப்பதில்லை, செல்லை வெடிக்கச் செய்வதில்லை, அழற்சி உண்டாக்குவதில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நம் நோய் எதிர்ப்புப் படை இதைக் கவனிக்கவே பல மாதங்கள் ஆவது அதனால்தான்.

வைரஸுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் டிஎன்ஏ ஒரு சிறிய வளையம், சுமார் 8,000 எழுத்துகள், எட்டு ஒன்பது மரபணுக்கள், அவ்வளவுதான். தன்னைப் பிரதி எடுக்கத் தேவையான கருவிகள் அதனிடம் இல்லை, செல்லிடமிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது பெருக விரும்பும் மேலடுக்குச் செல்களோ பிரிவதை நிறுத்தி அந்தக் கருவிகளை மூடிவைத்துவிட்டவை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடிந்து, கோட்டையடுப்பை அணைத்து, அண்டா குண்டான்களைக் கழுவிக் கவிழ்த்து, உக்கிராண அறையைப் பூட்டிய பிறகு ஒரு கூட்டம் சாப்பிட வந்து நிற்பது போன்ற நிலை அது. உக்கிராணச் சாவி ஆர்பி என்ற புரதத்திடம் இருக்கிறது. தேவையில்லாத நேரத்தில் செல் பிரியாமல் காப்பது ஆர்பிதான். வைரஸின் ஈ7 என்ற புரதம் ஆர்பியைப் பிடித்து ஒதுக்கிவிட்டுச் சாவியை எடுத்துக்கொள்கிறது, அடுப்பு மறுபடி எரிகிறது. சமையற்கட்டில் ஒரு பெரியவரும் உண்டு, அவர் பெயர் பி53. நேரம் கெட்ட நேரத்தில் அடுப்பு எரிந்தாலோ, எங்காவது தீய்ந்த வாடை வந்தாலோ, அவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார். நிலைமை மோசம் என்றால் செல்லையே மாய்த்துக்கொள்ளச் சொல்வார். ஈ6 என்ற இன்னொரு வைரஸ் புரதம் அவரை அப்புறப்படுத்துகிறது. செல்லின் கழிவு அழிக்கும் அமைப்பையே ஏவி பி53-ஐச் சிதைத்துவிடுகிறது.

சாதாரணத் தொற்றில் இதனால் பெரிய கேடு இல்லை. எப்படியும் சில நாளில் உதிரப்போகும் மேலடுக்குச் செல்லில்தான் இவ்வளவும் நடக்கிறது. மேலும் ஈ2 என்ற மூன்றாவது வைரஸ் புரதம், ஈ6-ஐயும் ஈ7-ஐயும் அளவோடு வைத்திருக்கிறது. நோய் எதிர்ப்பு ஆற்றல் விழித்துக்கொண்டு, தொற்றிய பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் வைரஸை அடக்கிவிடுகிறது.

அடங்காமல் பல ஆண்டுகள் தங்கிவிடும் தொற்றில்தான் விபத்து நேர்கிறது. வைரஸின் டிஎன்ஏ வளையம் அறுந்து, மனிதக் குரோமோசோமுக்குள் எங்காவது போய் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் அது அறுபடும் இடம் ஈ2 மரபணு. ஈ2 போனதும் ஈ6, ஈ7 இரண்டும் கட்டின்றி உற்பத்தியாகின்றன. மேலடுக்கில் அல்ல, என்றும் பிரிந்துகொண்டிருக்கும் கீழடுக்குச் செல்லில். ஆர்பியும் இல்லை, பி53-ம் இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் டிஎன்ஏவில் விழும் பிழைகள் சரிசெய்யப்படாமல் சேர்கின்றன. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் அது புற்று.

வைரஸுக்கு இதில் எந்த லாபமும் கிடையாது. குரோமோசோமில் அறுந்து ஒட்டிய வைரஸால் புதிய வைரஸை உண்டாக்க முடியாது, இன்னொருவரிடம் பரவ முடியாது. அது எங்கும் போகாத முட்டுச்சந்து. இதனால்தான் புற்றுநோய் தொற்றுவதில்லை, அதற்கு முந்தைய வைரஸ் தொற்றுகிறது. பல விபத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர வேண்டியிருப்பதால்தான் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றிய பெண்களுக்கு இந்தக் காலம் ஐந்து பத்து ஆண்டுகளாகச் சுருங்கிவிடலாம்.

கர்ப்பப்பை வாய் மட்டும் ஏன் இவ்வளவு எளிதில் இரையாகிறது? அங்கே இரண்டு விதப் பரப்புகள் சந்திக்கின்றன. உள்ளே ஒற்றையடுக்குச் சுரப்புச் செல்கள், வெளியே பல அடுக்குச் செல்கள். பூப்பெய்திய பிறகு அந்த எல்லைக்கோடு நகர்கிறது, ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கிறது. மாறுமண்டலம் என்று இதைச் சொல்லலாம். மாறிக்கொண்டிருக்கும் செல்களின் நடுவே வைரஸுக்கு இடம் எளிதாகக் கிடைக்கிறது. தொண்டையின் பின்பகுதி, ஆசனவாய், ஆண்குறி ஆகியவற்றிலும் எச்.பி.வி. புற்றை உண்டாக்குகிறது. ஆகவே ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆஸ்திரேலியா 2013 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போடுகிறது.

வைரஸ் காரணமா, பிறகு வந்து ஒண்டியதா என்ற அந்தச் சந்தேகத்துக்கு இப்போது வருவோம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1951-இல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் 31 வயதில் இறந்தார். அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட புற்றுச் செல்கள் ஆய்வகத் தட்டில் சாகாமல் பெருகின. ஹீலா என்ற பெயரில் உலகின் ஆய்வகங்களிலெல்லாம் இன்றும் வளர்கின்றன. அவற்றில் எச்.பி.வி. 18 இருப்பதை 1980-களில் கண்டார்கள். அரை நூற்றாண்டாக, எத்தனையோ ஆயிரம் தடவை பிரிந்து, குரோமோசோம்களெல்லாம் தாறுமாறாகிப்போன செல்கள் அவை. 2000-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அவற்றுக்குள் ஈ2 மரபணுவைத் திரும்பச் செலுத்தினார்கள். ஈ6, ஈ7 இரண்டும் அடங்கின. பி53-ம் ஆர்பியும் மறுபடி வேலைக்கு வந்தன. சாகாத செல்கள் என்று பேர்பெற்ற அவை சில நாளில் பிரிவதை நிறுத்தி முதுமையடைந்தன. வைரஸ் பின்னால் வந்து ஒண்டியிருந்தால் அதை அடக்கியதும் புற்று நிற்குமா? இந்த ஒரு சோதனையைப்போல என்னைக் கட்டிப்போட்டது இந்தத் துறையில் வேறெதுவும் இல்லை.

வைரஸுக்கும் புற்றுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியை நாம் எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதற்கு மிக நல்ல சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது. லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில், அம்பிளிக்கை கிறிஸ்துவச் சமூக நல மருத்துவமனையோடு சேர்ந்து நடந்த ஆய்வு அது. ஊராட்சிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு தடவை சோதனை செய்தார்கள். சோதனை மிக எளியது. கர்ப்பப்பை வாய் தெரியும்படி கருவியை வைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவுவார்கள். சமையலில் ஊற்றும் வினிகரின் செறிவுதான் அதற்கும். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். நல்ல திசு இளஞ்சிவப்பாகவே இருக்கும். உட்கரு பெருத்துப் புரதம் அடர்ந்துபோன கெட்ட செல்கள் இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக வெளுக்கும், மாறுமண்டலத்தை ஒட்டி அந்த வெளுப்பு கூர்மையான கரையோடு தெரியும். அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்துவிடலாம். மயக்க மருந்து வேண்டியதில்லை, பெண் அன்றே வீட்டுக்குப் போகலாம். ஏழு ஆண்டு முடிவில் சோதனை நடந்த ஊர்களில் இந்த நோய் 25 விழுக்காடும், அதனால் வந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. இந்த முடிவு 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. இந்த எளிய சோதனை உயிர் காக்கும் என்று நம்பப்பட்டதை எளிய கிராமத்துப் பெண்களிடம் நிரூபித்துக் காட்டியது தமிழ்நாடு.

இரண்டு ஆண்டு கழித்து மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பெண்ணின் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எச்.பி.வி. டிஎன்ஏவுக்குச் சோதனை செய்தாலே இறப்பு பாதியாகிறது என்று அது காட்டியது. இன்று உலக நல அமைப்பு முதலில் பரிந்துரைப்பது இந்தச் சோதனையைத்தான். பெண்ணே ஒரு குச்சியால் மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கவும் முடியும். வெட்கத்தால் மருத்துவரிடம் போகாதவர்களுக்கு இது பெரிய வசதி.

தடுப்பூசியோ வைரஸ் நுழையும் கதவிலேயே நிற்கிறது. எச்.பி.வி.யின் வெளிக்கூடு பெரும்பாலும் எல்1 என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தை மட்டும் தனியே உற்பத்தி செய்தால், யாரும் கோக்காமலே துண்டுகள் தாமாகச் சேர்ந்து வைரஸின் கூட்டைப் போலவே உருண்டையாகிவிடும். 1991-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியான் சூவும் இதற்கு அடித்தளமிட்டார்கள். அமெரிக்காவில் ஜான் ஷில்லர், டக்ளஸ் லோவி இருவரும் இணையாக வேலை செய்தார்கள். உள்ளே டிஎன்ஏ எதுவும் இல்லாத காலிக் கூடு அது. ஆகவே அதனால் தொற்று உண்டாக முடியாது, கருவுறுதலைக் கெடுக்க அதில் எதுவும் இல்லை. உடலோ அதை வைரஸ் என்று எண்ணி, இயல்பான தொற்றில் உண்டாவதைவிடப் பல மடங்கு அதிகமாக எதிர்ப்புப் பொருள்களை உற்பத்தி செய்கிறது. பிறகு உண்மையான வைரஸ் சிராய்ப்பு வழியாக வரும்போது, அடியடுக்குச் செல்லில் ஒட்டுவதற்கு முன்பே பிடிபடுகிறது. ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட வைரஸை ஊசியால் ஒன்றும் செய்ய முடியாது. 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்வது அதனால்தான். அந்த வயதைச் சொல்வதால் பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவிடவில்லை. மழைக்காலம் வருமுன் ஓட்டைப் பார்ப்பது எப்படியோ, அதுபோல எளிய காரணம்தான் இது: ஊசி முன்னால், வைரஸ் பின்னால்.

இந்தியாவில் இந்த ஊசியின் வரலாற்றில் ஒரு வலி உண்டு. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஓர் அயல்நாட்டுத் தொண்டு நிறுவனத்தின் துணையோடு நடந்த திட்டத்தின்போது ஏழு சிறுமிகள் இறந்தார்கள். விசாரணையில் அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. ஆனால் பெற்றோரிடம் முறையாக அனுமதி வாங்காமல், பல இடங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தது வெளிவந்தது. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஏழைப் பிள்ளைகள் என்றால் கேட்க வேண்டியதில்லை என்ற மனப்பான்மையை எந்த நல்ல நோக்கமும் மன்னிக்காது. 2010 ஏப்ரலில் அரசு அந்தத் திட்டத்தோடு நாட்டில் நடந்த மற்ற எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளையும் நிறுத்தச் சொன்னது.

நிறுத்தப்பட்டவற்றில் ஒன்று, சங்கரநாராயணன் குழுவினர் அம்பிளிக்கை உட்படப் பல மையங்களில் நடத்திய ஆய்வு. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பதற்காகத் தொடங்கியது. நடுவில் நின்றதால் ஏறத்தாழ 5,000 பெண் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு தவணையோடு ஊசி நின்றுபோயிற்று. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை, ஆண்டுதோறும் பின்தொடர்ந்தார்கள். பத்து ஆண்டு அளவில் பார்த்தபோது, 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைத் தடுப்பதில் ஒரு தவணை 95 விழுக்காடு பலன் தந்திருந்தது. மூன்று தவணை பெற்றவர்களுக்கு இணையான பலன். 2022-இல் உலக நல அமைப்பு 9 முதல் 20 வயதுள்ளவர்களுக்கு ஒரு தவணையே போதும் என்று சொன்னபோது, அதன் பின்னால் இருந்த சான்றுகளில் இந்தப் பெண் பிள்ளைகளின் சான்றும் ஒன்று. ஒரு தவணை என்றால் செலவு குறைகிறது, பள்ளியில் ஒரே நாளில் வேலை முடிகிறது. உலகின் ஏழை நாடுகளுக்கு இந்தியச் சிறுமிகள் கொடுத்த கொடை அது.

புற்றுநோயே குறைகிறதா என்று தெரிந்துகொள்ள ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020-இல் ஸ்வீடனில் 16 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்திருந்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி பெற்றவர்களிடம் அந்தப் புற்று ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். வெரோனாவின் பதிவேட்டில் தொடங்கிய கேள்விக்குப் பதில் இன்னொரு பதிவேட்டில் கிடைத்தது. வதந்திக்கு இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் எடுத்துக்காட்டு. பக்க விளைவு குறித்த அச்சத்தால் 2013-இல் அரசு பரிந்துரையை நிறுத்தியது, 70 விழுக்காட்டளவில் இருந்த ஊசி ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. 2022-இல்தான் மறுபடி தொடங்கினார்கள். நடுவில் ஊசியின்றி வளர்ந்த பெண்களை இனி பரிசோதனைதான் காப்பாற்ற வேண்டும்.

இலங்கை 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு அரசுத் திட்டத்திலேயே போடுகிறது. இந்தியாவில் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் ஊசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு அரசு 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடுவதாக 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சோதனையில் எச்.பி.வி. இருப்பதாக வந்தால், நம் வீடுகளில் முதலில் எழுவது அந்தப் பெண்ணின் நடத்தை பற்றிய கேள்வி. தாம்பத்திய உறவு கொண்ட பெரும்பாலோருக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தத் தொற்று வந்துபோகும். ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரும். கணவரிடமிருந்து வந்திருக்கலாம், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். பல ஆண்டுகள் அடங்கியிருந்து இப்போது தெரிந்திருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. பழிக்குப் பயந்து சோதனைக்கே வராத பெண்கள், ரத்தப்போக்கும் துர்நாற்றமும் தாங்க முடியாமல் போன பிறகு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அப்போது அந்த இருபது ஆண்டும் செலவாகிப்போயிருக்கிறது.

வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் மருத்துவரிடம் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். 30 வயதைக் கடந்த அம்மா, அக்கா, மனைவி, வேலைக்கு வரும் பெண் யாராக இருந்தாலும், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கர்ப்பப்பை வாய்ச் சோதனை எந்த நாளில் செய்கிறார்கள் என்று விசாரித்து அழைத்துப் போங்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்கு மேல் இந்தச் சோதனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் ஊசியில் அடங்காத வகைகளும் சில உண்டு. வெளுத்த திட்டு ஒன்று தெரிந்தால் பயப்படாமல், மருத்துவர் சொன்ன தேதியில் திரும்பப் போங்கள்.